புகையையும் கஞ்சாவையும் குறைக்கச் செயலி வைத்திருந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

இரவுப்பணி:
செயலியில் நாள்கணக்குப் பக்கம் என்று ஒன்று உண்டு, புகைக்காமல் கடந்த நாட்களை அது எண்ணிக் காட்டும். என்னுடையது 41 காட்டிக்கொண்டிருந்தது. நண்பனின் திருமணத்துக்கு முந்தைய இரவு, மண்டபத்தின் பின்புறத்தில் கைமாறி வந்ததை ஒரே ஒரு முறை இழுத்தேன். அறைக்குத் திரும்பியதும் ‘இன்று புகைத்தீர்களா?’ என்று செயலி கேட்டது. பொய் சொல்ல மனம் வராமல் ‘ஆம்’ என்பதை அழுத்தினேன். 41 மறைந்து 0 வந்தது, மிச்சப்பட்ட பணம் என்ற கட்டத்திலும் 0 வந்தது. அந்த வெள்ளைத் திரையைப் பார்த்தபடி கதவருகே நின்றது இன்றும் கண்ணுக்குள் இருக்கிறது. இனிக் காப்பாற்றுவதற்கு எதுவும் இல்லை என்று தோன்றிவிட, விடிவதற்குள் மேலும் மூன்று முறை கீழே இறங்கிப் போனேன்.

தறிக்காரர் மகள்:
என் தம்பி வீட்டில் யாருக்கும் சொல்லாமல் செயலியை வைத்திருந்தான். ஒருநாள் இரவு அவன் கை கழுவப் போயிருந்தபோது தொலைபேசி ஒளிர்ந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத அப்பா அதை என்னிடம் நீட்டி, என்ன வந்திருக்கிறது என்று கேட்டார். இன்று எவ்வளவு கஞ்சா புகைத்தாய் என்று அதில் இருந்தது. வங்கியிலிருந்து வந்த செய்தி என்று சொல்லிவிட்டேன். வாசற்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்த தம்பியின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. மறுநாள் அவனே செயலியைத் திறந்து காட்டினான். அவனுக்கும் பாதிக் கேள்விகள் புரியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதன்பின் ஒன்பது வாரம், நான் தமிழில் சொல்ல அவன் பதில் சொல்ல, இருவருமாக நிரப்பினோம். அப்பாவிடம் பொய் சொன்னது சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.

கோவை வாசகன்:
இரவுப்பணி நண்பரே, எண்ணின் மீது பழி போடுவதை நான் ஏற்கவில்லை. மீண்டும் மூன்று முறை இறங்கிப் போனதில் நிக்கோட்டினுக்குப் பங்கு இல்லையா? என் கதை சிறியது: சிகரெட்டை மட்டும் செயலியில் குறித்துவிட்டு, புகையிலை கலந்து சுருட்டிய கஞ்சாவைக் கணக்கில் சேர்க்காமல் மூன்று மாதம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். சிகரெட்டை விட்டவர் கலப்பின் வழியாக நிக்கோட்டினை விடாமல் பெற்றுக்கொண்டிருப்பார். கஞ்சாவை விட்டவர், அதே நேரம் அதே இடத்தில் சிகரெட்டைப் பற்றவைக்கும்போது பழைய ஆசையையும் சேர்த்தே எழுப்புவார். ஆகவே இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க இடம் தரும் செயலியைத் தேடுங்கள். கஞ்சாவை நிறுத்தினால் எரிச்சலும் தூக்கமின்மையும் ஓரிரு நாட்களில் தொடங்கி முதல் வாரத்தில் உச்சத்தை எட்டும். விசித்திரமான கனவுகள் வாரக்கணக்கில் நீடிக்கலாம். செயலி வேலை செய்யவில்லை என்று பலரும் அதை அழித்துவிடுவது அந்த வாரத்தில்தான். ஆங்கிலம் தடையாக இருந்தால், 2018 முதல் புகையிலைப் பொட்டலங்களில் அச்சிடப்படும் 1800-11-2356 என்ற, புகையிலையை விட உதவும் இலவச எண்ணை அழையுங்கள். நடுவண் அரசு 2016இல் தொடங்கிய குறுஞ்செய்தித் திட்டத்தில் சேர 011-22901701 என்ற எண்ணுக்குத் தவறிய அழைப்பு கொடுத்தாலே போதும், திறன்பேசியே தேவையில்லை. இன்னொன்று, தொடர்புகளையும் இருப்பிடத்தையும் கேட்கும் செயலிக்கு அனுமதி தராதீர்கள். பிடிபடுவோம் என்ற அச்சத்தில் மருத்துவரிடம் போகாதவர்கள், 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவைப் பற்றி ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். தானாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு அது சில நிபந்தனைகளுடன் பாதுகாப்பு தருகிறது.

தறிக்காரர் மகள்:
நீங்கள் சொல்வதெல்லாம் பயனுள்ளவை, ஐயா. ஆனால் அவர் பழி போடவில்லை, அந்த இரவில் தமக்கு நேர்ந்ததைச் சொன்னார். என் தம்பியும் ஆறாவது வாரத்தில் ஒருமுறை தவறினான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போனோம்.

இரவுப்பணி:
கோவை நண்பர் சொல்லும் எண்ணைச் சென்ற ஆண்டு அழைத்தேன். எடுத்தவர் தமிழிலேயே பேசினார். அந்த 41 நாட்களில் எந்த நேரம் உங்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது என்று கேட்டார். செயலியைத் திறந்து பார்த்தேன், பழைய பதிவு எதுவும் அதில் இல்லை. அவர் காத்திருக்க, நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன்: பணி முடிந்து பேருந்துக்கு நிற்கும் அரைமணி நேரம், ஞாயிற்றுக்கிழமை மாலை, சாப்பிட்டவுடன் மொட்டைமாடி. இப்போது அவை ஒரு தாளில் இருக்கின்றன.