சுவர் பிளக் வழியாக இணையம்: உங்கள் வீட்டில் எப்படி ஓடுகிறது?

மாடியறை:

என் அறைக்கு வைஃபை வந்து சேராது. நடுவில் ஒரு கான்கிரீட் தளமும் இரண்டு சுவர்களும். வாடகை வீடு என்பதால் துளை போட்டு கேபிள் இழுக்கவும் வழியில்லை. சரி, மின்சார வயரிலேயே டேட்டாவை அனுப்பும் பவர்லைன் அடாப்டர் ஒரு ஜோடி வாங்கினேன். பெட்டியில் 600 எம்.பி.பி.எஸ். (வினாடிக்கு 600 மெகாபிட் வேகம்) என்று கொட்டை எழுத்து. வந்தது 22.

தப்பு என்னுடையதுதான். கீழே ரௌட்டர், டிவி எல்லாம் ஒரே ஸ்பைக் பஸ்டரில் இருந்தன. அடாப்டரையும் அதிலேயே சொருகியிருந்தேன். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. டேட்டா அதே வயரில் 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போகிறது. மின் இரைச்சலை வடிகட்டும் ஸ்பைக் பஸ்டருக்கு இதெல்லாம் இரைச்சல். வந்த டேட்டாவில் பாதிக்குமேல் விழுங்கிவிட்டது. சுவர் பாயிண்ட்டில் நேரடியாகச் சொருகியதும் 85.

அதற்கு மேல் ஏன் ஏறவில்லை என்று பார்த்தால், அடாப்டரில் நெட்வொர்க் கேபிள் சொருகும் ஈதர்நெட் போர்ட்டே 100 எம்.பி.பி.எஸ்.தான்! 600 என்பது வயருக்குள் நடக்கும் கச்சாக் கணக்காம்.

இப்போது ஒரே குறை. ராத்திரி பத்து மணிவாக்கில் வேகம் 30க்கு விழுகிறது. காலையில் தானாகச் சரியாகிவிடுகிறது. யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

மூன்றுஃபேஸ்:

உங்களுக்கு 22 வேகமாவது வந்தது அண்ணா. எனக்கு அடாப்டரில் சிவப்பு விளக்கு எரிந்ததோடு சரி. பழுது என்று திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டேன். அதற்கு முன் இரண்டையும் ஒரே அறையில் அடுத்தடுத்த பாயிண்ட்டில் சொருகிப் பார்த்தேன், பச்சை விளக்கு! அப்போதுதான் உறைத்தது, எங்கள் வீட்டுக்கு வருவது மூன்று ஃபேஸ், அதாவது மூன்று தனித்தனி மின்கம்பி; கீழ்த்தளம் ஒரு ஃபேஸ், மாடி வேறொரு ஃபேஸ். இரண்டு வயரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இடத்தில் கொஞ்சம் சிக்னல் தாவும், அவ்வளவுதான்.

எலக்ட்ரீஷியன் வந்து டி.பி.யை (ஃபியூஸ், சுவிட்ச் எல்லாம் இருக்கும் மின் பெட்டி) திறந்தவர், “இன்டர்நெட் வரலைன்னு என்னையா கூப்பிட்டீங்க?” என்று சிரித்தார். லோடைக் கணக்குப் பார்த்து, மாடியின் பிளக் சர்க்யூட்டை ரௌட்டர் இருக்கும் ஃபேஸுக்கே மாற்றிக் கொடுத்தார். (நீங்களாக அதில் கை வைக்காதீர்கள்.) இன்னொன்றும் கண்டுபிடித்தார். மாடி பாயிண்ட்டில் எர்த் இணைப்பே இல்லை. என்னுடையது ஏவி2 வகை, ஹோம்பிளக் என்ற பவர்லைன் தரத்தில் 2012இல் வந்த பதிப்பு. எர்த் வயரையும் சேர்த்துக்கொண்டு இன்னொரு பாதையில் அனுப்பக்கூடியது. அந்தப் பாதை எனக்கு மூடியே கிடந்திருக்கிறது. ஷாக் அடிக்காமல் தப்பித்ததைச் சொல்வதா, வேகம் கூடியதைச் சொல்வதா!

உங்கள் பத்து மணி விஷயம் ஃபேஸ் பிரச்சினை இல்லை. அந்த நேரத்தில் எதையோ சொருகுகிறீர்கள். என்னென்ன என்று எழுதிப் பாருங்கள்.

அடுத்தகதவு:

எனக்கு வேகத்தில் குறையே இல்லை. ஒருநாள் பிரிண்ட் கொடுக்கப் போனால், நான் வாங்காத பிரிண்டர் ஒன்று பட்டியலில் நிற்கிறது. இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது, பக்கத்து வீட்டிலும் அதே வகை அடாப்டர். மின் மீட்டர் சிக்னலை முழுசாகத் தடுப்பதில்லை. ஹோம்பிளக் ஏவி அடாப்டர்களில் பூட்டு என்னவோ நல்ல பூட்டு, 128 பிட் ஏ.இ.எஸ். என்ற குறியாக்க முறை. ஆனால் வாங்கியபோது எல்லாவற்றிலும் ஒரே சாவி! ‘பேர்’ பொத்தானை ஒன்றில் அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் மற்றதிலும் அழுத்தினால் தனிச் சாவி உருவாகிவிடும். நான் அதைச் செய்யவே இல்லை. அவர்களும் செய்யவில்லை. யார் இணையத்தை யார் எத்தனை நாள் பயன்படுத்தினோமோ, இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

சிற்றலை:

நான் எதிர்க்கட்சி. எனக்குச் சிற்றலை வானொலி கேட்கும் பழக்கம். உங்கள் டேட்டா போகும் அலைவரிசையும் நான் கேட்கும் அலைவரிசையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. சுவருக்குள் ஓடும் வயர் முழுக்க ஆன்டெனா ஆகிவிடுகிறது; ரேடியோவில் விடாமல் ஒரு கரகரப்பு. உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் அலைவரிசைகளை அடாப்டர்கள் விட்டுவைக்கின்றன. வெறும் நேயரான எனக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. பேட்டரி ரேடியோவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன்.

மாடியறை:

கண்டுபிடித்துவிட்டேன். நேற்று ராத்திரி கணினியில் பிங் (ரௌட்டருக்குச் செய்தி போய்த் திரும்பும் நேரத்தை அளப்பது) ஓடவிட்டு, ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மேசை விளக்கு, அசையவில்லை. ஃபேன், அசையவில்லை. கட்டில் பக்கத்தில் இருக்கும் பெயர் தெரியாத மொபைல் சார்ஜரைப் பிடுங்கியதும் பிங் நேரம் மளமளவென்று இறங்கியது. தூங்கப் போகும்போது போனை அதில்தான் போடுவேன்.

சார்ஜரைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. கீழே வேலை இல்லாமல் கிடந்த அந்த ஸ்பைக் பஸ்டரை மேலே கொண்டுவந்து, எதிர்ச்சுவர் பாயிண்ட்டில் போட்டு, அதில் சார்ஜரைச் சொருகினேன். டேட்டாவை விழுங்கிய அதே பெட்டி இப்போது சார்ஜரின் இரைச்சலை விழுங்குகிறது. பதினொரு மணிக்கு 81.