லத்தீஃபியின் இடம் காலியாகிறது: ரசிகர்கள் அவரைத் தேடுவார்களா? (2022 நவம்பர் விவாதம்)

பின்வரிசை:
அபுதாபியோடு 2022 ஃபார்முலா ஒன் சீசன் முடிந்தது. அந்த ஒரே பந்தயத்தோடு நான்கு ஓட்டுநர்கள் தங்கள் காரை விட்டு இறங்கினார்கள். வெட்டல் ஓய்வு பெறுகிறார். ரிக்கார்டோ, மிக் ஷூமாக்கர், வில்லியம்ஸ் அணியின் நிக்கோலஸ் லத்தீஃபி ஆகிய மூவருக்கும் அடுத்த ஆண்டு இருக்கை இல்லை. வெட்டலுக்காக ஹாமில்டன் விருந்து ஏற்பாடு செய்ததும், இருபது ஓட்டுநர்களும் ஒரே மேசையில் அமர்ந்ததும் உலகம் முழுவதும் பேசப்பட்டன. நான்கு முறை சாம்பியனானவருக்கு அது தகும். ரிக்கார்டோவைப் பற்றியும் மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக்கைப் பற்றியும் உருக்கமாக எழுதினார்கள். லத்தீஃபியைப் பற்றி நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவை, ஒரு தொல்லை ஒழிந்தது என்ற தொனியிலேயே இருந்தன. மூன்று ஆண்டுகள், 61 பந்தயங்கள், 9 புள்ளிகள் என்ற கணக்கை நானும் அறிவேன். இருந்தாலும், கடைசி இடங்களுக்காகப் போராடும் கார்களின் பின்வரிசையை அவர் இல்லாமல் பார்க்கும்போது எனக்குக் குறை தெரியும் என்று நம்புகிறேன். மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கடைசிச்சுற்று:
எனக்கு எந்தக் குறையும் தெரியாது. காரணங்களைச் சொல்கிறேன்.

2022-இல் இந்த விளையாட்டில் இருந்தவை இருபதே இருக்கைகள். அவற்றில் ஒன்றில் ஒருவர் மூன்று ஆண்டுகள் அமர்ந்திருந்தால், அதே காரில் சக ஓட்டுநர் என்ன செய்தார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2020-இல் சக ஓட்டுநர் ஜார்ஜ் ரஸ்ஸலை, தொடக்க வரிசையை முடிவுசெய்யும் தகுதிச்சுற்றில் அவர் ஒருமுறைகூட முந்தவில்லை. ரஸ்ஸல் அசாதாரணத் திறமைசாலி என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்த செப்டம்பரில் இத்தாலியின் மொன்சாவில் நடந்ததை எப்படி ஒதுக்குவது? குடல்வால் அழற்சியால், இந்த ஆண்டின் சக ஓட்டுநர் ஆல்பன் மருத்துவமனைக்குப் போக, சனிக்கிழமை திடீரென்று அழைக்கப்பட்ட நைக் டி வ்ரீஸ், தன் வாழ்நாளின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஒன்பதாவதாக வந்து 2 புள்ளிகள் பெற்றார். அதே வில்லியம்ஸ் காரில், மூன்றாவது ஆண்டாக ஓட்டிக்கொண்டிருந்த லத்தீஃபி பதினைந்தாவதாக வந்தார். இந்த சீசன் முழுவதிலும் லத்தீஃபி பெற்றதும் அதே 2 புள்ளிகள்தாம்.

அவருடைய தவறுகளுக்கு மற்றவர்கள் கொடுத்த விலையும் இருக்கிறது. இந்த ஆண்டு ஜெட்டாவில் தன் முதல் போல் பொசிஷனிலிருந்து, அதாவது தொடக்க வரிசையின் முதலிடத்திலிருந்து, புறப்பட்டு முன்னிலையில் இருந்த பெரெஸ், டயர் மாற்றிவிட்டுத் திரும்பிய சற்று நேரத்திலேயே லத்தீஃபி சுவரில் மோதினார். சேஃப்டி கார் வந்தது. விபத்து நடந்தால் எல்லாக் கார்களையும் தன் பின்னால் மெதுவாக ஓடவைக்கும் கார் அது. மற்றவர்கள் அதிக நேர இழப்பின்றி டயர் மாற்றிக்கொண்டார்கள். பெரெஸ் நான்காவதாக முடித்தார். சிங்கப்பூரில் ஜோ குவான்யூவைச் சுவரோடு ஒதுக்கி, அவருடைய பந்தயத்தை முடித்துவைத்ததற்காக அடுத்த பந்தயத்தின் தொடக்க வரிசையில் ஐந்து இடம் பின்தள்ளப்பட்டார். நல்ல மனிதர் என்பதற்காக ஒருவரைப் பிடிக்கலாம். ஆனால் ஓட்டுநர் என்ற முறையில் அவரை எதற்காகத் தேட வேண்டும்?

மென்டயர்:
எனக்குத் தெரிந்த பலர் அவரைத் தேடத்தான் போகிறார்கள், ஆனால் தவறான காரணத்துக்காக. பல மாதங்களாகவே அவர் பெயரை ஒரு கேலிப் பட்டமாக மாற்றி, உலகிலேயே தலைசிறந்த ஓட்டுநர் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துவந்தார்கள். ஜப்பானின் சுஸுகாவில் மழையில் நடந்த பயிற்சி ஓட்டத்தில் அவர் தவறான பாதையில் திரும்பிய காட்சியை எத்தனை பேர் மீண்டும் மீண்டும் பகிர்ந்தார்கள்! கேலி செய்ய ஓர் ஆள் குறைந்துவிட்டாரே என்ற வருத்தத்தை நான் தேடல் என்று ஏற்க மாட்டேன்.

பின்வரிசை:
மென்டயர் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். அந்தக் கேலிக் கூட்டத்துக்காக நான் பேசவில்லை.

நண்பர் கடைசிச்சுற்று எடுத்துவைத்த எண்களையும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் சில நாட்கள் விடுபட்டிருக்கின்றன. 2021 ஹங்கேரியில் முதல் வளைவில் போட்டாஸ் ஏற்படுத்திய மோதலில் முன்னணிக் கார்கள் பல சிதறின. லத்தீஃபி அதில் சிக்காமல் நுழைந்து வந்து, பந்தயத்தின் தொடக்கச் சுற்றுகளில் மூன்றாவது இடத்தில் ஓடினார். முடிவில் எட்டாவதாக வந்து, வெட்டல் தகுதிநீக்கம் செய்யப்பட்டபின் ஏழாமிடம் பெற்றார். ரஸ்ஸல் அவருக்கு அடுத்த இடம். லத்தீஃபிக்கு உதவ வேண்டுமென்றால் என் பந்தயத்தை விட்டுக்கொடுங்கள் என்று ரஸ்ஸல் ரேடியோவில் தன் அணியிடம் சொன்னது நினைவிருக்கிறதா? 2019 ஜெர்மனிக்குப் பிறகு வில்லியம்ஸ் புள்ளி பெற்றது அன்றுதான்.

இந்த ஆண்டு சில்வர்ஸ்டோனிலும் அப்படித்தான். புதிய பாகங்கள் பொருத்திய கார் ஆல்பனுக்கு; பழைய கார் லத்தீஃபிக்கு. மழைநீர் தேங்கிய தகுதிச்சுற்றில் ஆல்பன் முதல் கட்டத்திலேயே வெளியேற, லத்தீஃபி பழைய காரோடு இறுதிக் கட்டம் வரை போய்ப் பத்தாமிடத்தில் நின்றார். தகுதிச்சுற்றின் முதல் பத்து பேரின் பட்டியலில் தன் பெயர் நிற்பதைப் பார்க்க அவருக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

பின்வரிசை ஓட்டுநரின் பந்தயம் பலர் கண்ணில் படுவதே இல்லை. முன்னால் ஓடுபவர் ஒரு சுற்று முந்தி வந்து நெருங்கியதும் நீலக் கொடி காட்டப்படும். உடனே வழிவிடாவிட்டால் தண்டனை. வழிவிடுவதற்காகப் பாதையின் ஓரத்துக்குப் போனால் அங்கே உதிர்ந்து கிடக்கும் ரப்பர் துணுக்குகள் டயரில் ஒட்டிக்கொள்ளும். டயரின் சூடும் குறையும். அடுத்த சில வளைவுகளில் பிடிமானம் இல்லாமல் காரை இழுத்துப்பிடித்து, மீண்டும் வேகம் பிடிப்பதற்குள் அடுத்த நீலக் கொடி வந்துவிடும். தனக்கு முன்னால் இருக்கும் காரை விரட்டும் வேலையையும் இதற்கிடையில்தான் அவர் செய்தாக வேண்டும். தொலைக்காட்சியில் அவர் தெரிவது வழிவிடும்போதும் மோதும்போதும் மட்டுமே. அவர் மோதல்களைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றால், அதில் அவர் பங்கு போலவே கேமராவின் பங்கும் இருக்கிறது.

கடைசிச்சுற்று:
கேமராவைக் குறைசொல்வதை ஏற்க முடியாது. பின்வரிசையில் ஓடியும் உலகத்தின் கண்ணில் பட்டவர்கள் எத்தனையோ பேர். 2001-இல் மினார்டி காரில் அலோன்சோ ஒரு புள்ளிகூடப் பெறவில்லை. ஆனால் அந்த இளைஞர் யார் என்பதை விளையாட்டு அறிந்தவர்கள் எல்லாரும் அன்றே அடையாளம் கண்டுகொண்டார்கள். அடுத்த ஆண்டு அதே மினார்டியில் மார்க் வெப்பர் தன் முதல் பந்தயத்திலேயே ஐந்தாமிடம் பெற்றார். 2014 மொனாக்கோவில் ஜூல் பியாங்கி மருசியா காருக்குப் பெற்றுத்தந்த 2 புள்ளிகளை இன்றும் நெகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறோம். பின்வரிசை ஒரு நாற்றங்கால். அங்கே ஒரு பயிர் மூன்று ஆண்டுகளாக வளராமல் நின்றால், அந்த இடத்தில் வேறொன்றை நடத்தான் வேண்டும். டி வ்ரீஸ் போன்ற ஒருவர், 2019-இல் ஃபார்முலா ஒன்னுக்கு அடுத்த கீழ்நிலைப் போட்டியான ஃபார்முலா டூவில் சாம்பியன் ஆனபிறகும் ஃபார்முலா ஒன்னுக்கு வெளியே காத்திருந்தார். அந்த ஆண்டு அவருக்கு அடுத்த இடத்தில் முடித்தவர்தான் லத்தீஃபி. இரண்டாமவர் உள்ளே வந்தார், முதல்வர் வெளியே நின்றார். ஏன் என்பதை நாம் எல்லாரும் அறிவோம்.

நடுக்களம்:
பணம் என்று நேராகவே சொல்லலாம். லத்தீஃபியின் தந்தை நடத்தும் சோஃபினா நிறுவனத்தின் பெயர் வில்லியம்ஸ் காரில் இருந்தது. அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் அந்த அணி 2020-இல் எந்த நிலையில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வில்லியம்ஸ் குடும்பம் அணியை டோரில்டன் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறிய ஆண்டு அது. விளம்பரதாரரோடு வரும் ஓட்டுநர் அந்தக் காலத்தில் அணியில் பலரின் சம்பளத்துக்குத் துணைநின்றார். நிக்கி லௌடாவும் தொடக்கத்தில் வங்கிக் கடன் வாங்கித்தான் இருக்கையைப் பெற்றார். அதற்காக யாரும் அவரைக் குறைத்து மதிப்பிடுவதில்லை. லத்தீஃபி பணத்தால் மட்டும் வந்தவரும் அல்லர். ஃபார்முலா டூவில் 2019-இல் நான்கு பந்தயங்களை வென்று, விதிப்படி தேவையான உரிமத்தைப் பெற்றுத்தான் வந்தார்.

எனினும் என் கருத்தில், அவரை நீக்கிய முடிவு சரியானதே. புதிய உரிமையாளருக்கு அந்தப் பணத்தின் தேவை குறைந்ததும், ஓட்டத்தை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் அவர் தேறவில்லை.

மென்டயர்:
இவ்வளவு பேசியும் 2021 அபுதாபியை யாரும் தொடவில்லையே. அவர் பெயர் உலகத்துக்குத் தெரிந்ததே அந்த நாளில்தான்.

58 சுற்றுப் பந்தயத்தில் 53-ஆவது சுற்று. ஹாமில்டன் முன்னிலையில் இருந்தார். எட்டாவது உலகப் பட்டம் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பின்னால் மிக் ஷூமாக்கரோடு இடத்துக்காகப் போராடிக்கொண்டிருந்த லத்தீஃபி, பதினான்காவது வளைவில் கட்டுப்பாட்டை இழந்து சுவரில் மோதினார். சேஃப்டி கார் வந்தது. பட்டத்துக்கு ஹாமில்டனோடு போட்டியிட்ட வெர்ஸ்டப்பன், அதிகப் பிடிமானம் தரும் புதிய மென் டயருக்கு மாறினார். இருவருக்கும் இடையில் இருந்த ஐந்து கார்களை மட்டும் முன்னே செல்ல அனுமதித்து, கடைசி ஒரு சுற்றைப் போட்டியாக நடத்தியவர் பந்தய இயக்குநர் மாசி. அந்தச் சுற்றில் வெர்ஸ்டப்பன் முந்திப் பட்டத்தை வென்றார். மாசியின் முடிவில் மனிதத் தவறு நடந்தது என்று, விளையாட்டை நடத்தும் எஃப்ஐஏ அமைப்பின் அறிக்கையே பின்னர் ஒப்புக்கொண்டது. ஆனால் கொலை மிரட்டல் போனது லத்தீஃபிக்கு. பின்வரிசையில் தன் இடத்துக்காகப் போராடியது ஒன்றே அவர் செய்த குற்றம். பந்தயம் முடிந்து சில நாட்களில் அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். நிதானம் தவறாமல், யாரையும் பழிக்காமல், இணையத்தில் நடக்கும் வன்மத்தைப் பற்றி அதில் எழுதியிருந்தார். அந்த வாரங்களில் அவர் நடந்துகொண்ட விதத்துக்காகவே நான் அவரை மதிக்கிறேன்.

கடைசிச்சுற்று:
அந்த மிரட்டல்கள் இந்த விளையாட்டின் ரசிகர்களுக்கே தலைகுனிவு. இதில் நமக்குள் இரண்டு கருத்து இருக்க முடியாது. அவருடைய அறிக்கை கண்ணியமானது என்பதையும் மனதாரச் சொல்கிறேன். ஆனால் ஒருவர் அநியாயமாகத் தாக்கப்பட்டார் என்பதற்காக அவர் மீது பரிவு கொள்வது வேறு. ஞாயிற்றுக்கிழமை பந்தயம் பார்க்க அமரும்போது அவரில்லாதது குறையாகத் தெரிவது வேறு. அவர் முந்திச் சென்ற ஓர் அருமையான தருணத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டால், இங்குள்ள எத்தனை பேரால் உடனே சொல்ல முடியும்? 2005 இண்டியானாபோலிஸில் ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் நாலாவதாக வந்த நரேன் கார்த்திகேயனை நாம் இன்றும் மறக்கவில்லை. ஆறு கார்கள்தானே என்று சொல்பவர்கள் உண்டு. ஆனாலும் அவருக்கென்று ஒரு நாள் இருந்தது. லத்தீஃபிக்கு அப்படிப்பட்ட நாளாக ஹங்கேரியைச் சொல்வீர்கள். அன்று முன்வரிசை சரிந்ததால் கிடைத்த இடம் அது. அதே கலவரத்தில் ரஸ்ஸலும் புள்ளி பெற்றார்.

பின்வரிசை:
ஒரு தருணம் கேட்டீர்கள். சுஸுகாவைச் சொல்கிறேன், கடந்த மாதம் நடந்தது.

அந்தப் பந்தயத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே, வில்லியம்ஸில் அவருக்கு இனி இடமில்லை என்று அறிவிக்கப்பட்டிருந்தது. சிங்கப்பூரில் வாங்கிய தண்டனையோடு தொடக்க வரிசையின் கடைசியில் நின்றார். மழையில் தொடங்கிய பந்தயம் உடனே நிறுத்தப்பட்டு, இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து சேஃப்டி காரின் பின்னால் மீண்டும் தொடங்கியது. எல்லாரும் கட்டாயமாகக் கனமழை டயரில் இருந்தார்கள். சேஃப்டி கார் விலகிய அதே கணத்தில் இரண்டே பேர் டயர் மாற்றும் பிட்டுக்குள் நுழைந்து, குறைந்த ஈரத்துக்கான இன்டர்மீடியட் டயருக்கு மாறினார்கள். ஒருவர் வெட்டல், இன்னொருவர் லத்தீஃபி. பாதையில் இன்னும் நீர் சிதறிக்கொண்டிருந்தது. முன்னால் போகும் கார் எழுப்பும் நீர்ப்புகையில் எதிரே எதுவும் தெரியாது. மற்றவர்கள் அடுத்தடுத்த சுற்றுகளில் தயங்கித் தயங்கி வந்து மாற்றுவதற்குள் இருவரும் பத்துப் பேருக்குள் போய்விட்டார்கள். வெட்டல் ஆறாவது. லத்தீஃபி ஒன்பதாவது.

முடிவு அணியுடையது என்று நீங்கள் சொல்லலாம். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த டயரில், அந்த ஈரத்தில், வேகமான கார்கள் பின்னால் நெருக்க, பந்தயம் நிறுத்தப்படும் நேரம் வரை தவறே செய்யாமல் காரை வைத்திருந்தவர் அவர். வேலை போய்விட்டது என்று தெரிந்த பிறகு ஒருவர் ஓட்டிய ஓட்டம் அது. மொன்சாவின் டி வ்ரீஸை நீங்கள் மேற்கோள் காட்டுவதைப் போல சுஸுகாவின் லத்தீஃபியை நான் மேற்கோள் காட்டுவேன்.

நடுக்களம்:
அந்த முதல் சுற்றுகளை மீண்டும் பார்த்தேன். ஒளிபரப்பு வெட்டலைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. லத்தீஃபியின் ஓட்டத்தை நேர அட்டவணையில்தான் தொடர வேண்டியிருக்கிறது. பின்வரிசை கேமராவைப் பற்றிச் சொன்னதில் பொருள் இருக்கிறது.

கடைசிச்சுற்று:
சுஸுகா நல்ல ஓட்டம். தருணம் கேட்டேன், கொடுத்துவிட்டீர்கள். ஆனால் 61 பந்தயங்களில் மூன்று நாட்களைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். 2023-இல் அவருடைய இடத்துக்கு லோகன் சார்ஜன்ட் வருகிறார். ஃபார்முலா டூவில் நாலாமிடம் பெற்று, கடைசி நேரத்தில்தான் உரிமத்துக்குத் தேவையான புள்ளிகளைச் சேர்த்தார். அவரையும் ஆல்பனோடுதான் ஒப்பிடப் போகிறேன். அவரும் பின்தங்கினால் இதே கேள்வியை இதே கடுமையோடு கேட்பேன். லத்தீஃபிக்கு ஒரு நீதி, அவருக்கு ஒரு நீதி என்று வைக்க மாட்டேன்.

பின்வரிசை:
கேளுங்கள். அப்போதும், லத்தீஃபியின் அந்த ஆறாம் எண் காராக இருந்தால் இந்த ஈரத்தில் என்ன செய்திருக்கும் என்று நான் எழுதுவேன்.