வால்வு ரேடியோ சிரிப்புப் படங்கள்: நீங்கள் பார்த்து ரசித்தவை

பழைய ரேடியோ இதழ் எது கைக்குக் கிடைத்தாலும் பக்க ஓரத்தில் வரும் சிரிப்புப் படத்தைத்தான் முதலில் தேடுவேன். அப்படிக் கிடைத்த ஒன்றை நகலெடுத்து என் வேலை மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். ரேடியோ மெக்கானிக் ஒருவர் திறந்து கிடக்கும் செட்டுக்குள் வலது கையை விட்டிருக்கிறார், இடது கை பேன்ட் பைக்குள். பக்கத்தில் நின்று பார்க்கும் மனைவிக்கும் மகனுக்கும் ஒரு கை பைக்குள். மேசையில் உட்கார்ந்திருக்கும் பூனைகூட ஒரு முன்காலை மடக்கி ஒளித்து வைத்திருக்கிறது. வசனமே கிடையாது.

வீட்டுக்கு வருகிறவர்கள் "பூனைக்கு என்ன ஆச்சு?" என்று கட்டாயம் கேட்பார்கள். அப்புறம் நான் விளக்குவேன். வால்வு செட்டுக்குள், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்கள் வைத்த ரேடியோவுக்குள், 200, 300 வோல்ட் ஓடுவது சாதாரணம். இரண்டு கையும் உள்ளே இருந்தால் ஷாக் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கைக்கு இறங்கும். அதனால்தான் ஒரு கையைப் பைக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம். சுவிட்சை அணைத்த பிறகும், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஃபில்டர் கெபாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும், அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். நான் எத்தனை முறை வாயால் சொன்னாலும் மறந்துபோகிறவர்கள் அந்தப் பூனையை மறப்பதில்லை.

வால்வைத் திருகு மூடி போட்ட பல்பு மாதிரி வரைகிறவர்களை மட்டும் என்னால் ரசிக்க முடியாது. கீழே பின் இருக்க வேண்டும், உள்ளே தகடும் கம்பி வலையும் தெரிய வேண்டும்.

*

பூனைப் படம் அருமை. எனக்குப் பிடித்தது ஆஸ்பத்திரிப் படம். ஐந்து கட்டிலில் ஐந்து வால்வு, எல்லாம் மயக்கத்தில். நர்ஸ் சொல்கிறார்: "டாக்டர், ஒருத்தருக்குத்தான் நோய். யாருக்கு என்றுதான் தெரியவில்லை."

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத அமெரிக்க ஐந்து வால்வு செட்டைப் பழுது பார்த்தவருக்கு இது உடனே புரியும். 12பிஇ6, 12பிஏ6, 12ஏவி6, 50சி5, 35டபிள்யூ4 என்று ஐந்துக்கும் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகத் தொடுத்திருக்கும். பெயரின் முதல் எண்தான் ஏறக்குறைய ஹீட்டர் வோல்டேஜ். கூட்டினால் 120 பக்கம் வரும், அங்கே மெயின்ஸும் அவ்வளவுதான். ஒரு இழை அறுந்தால் மொத்த செட்டும் இருண்டுவிடும். அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றி ஹீட்டர் பின்களில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டியதுதான். இந்த வகை செட்டில் சேசிஸே, அதாவது பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டே, மெயின்ஸோடு சேர்ந்திருக்கலாம். ஆகவே உங்கள் பூனை இங்கேயும் காலை மடக்கியே இருக்கட்டும்.

*

என் நண்பர் வரைந்தது ஒன்று. பளபளவென்று வெள்ளித் தலையோடு நாலு வால்வு வரிசையாக நிற்கின்றன, ஐந்தாவதற்கு மட்டும் தலை முழுக்க வெள்ளை. "என்னடா இப்படி நரைச்சுப்போச்சு?" "கொஞ்சம் காற்று வாங்கிட்டு வந்தேன்!"

கண்ணாடியின் உள்பக்கம் தெரியும் அந்த வெள்ளிப் பூச்சு கெட்டர். மிச்சம் மீதி வாயுவைப் பிடித்து வைக்கத்தான் அது இருக்கிறது. கண்ணாடி விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் பால் மாதிரி வெளுத்துவிடும். அப்படி வெளுத்ததை டெஸ்டரில்கூட வைக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.