எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வடிவியல்: யோசனை வேண்டும்

வணக்கம். எங்கள் தெருவில் மாலை நேரத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். இயற்கணிதம் ஓரளவு ஓடிவிடுகிறது. வடிவியல் வந்தால்தான் முகம் சுருங்குகிறது.

கோணமானியிலேயே ஆரம்பிக்கிறது சிக்கல். விரிகோணத்தை வைத்துக்கொண்டு 60 என்று எழுதுகிறார்கள், 120 அல்ல. இரண்டு வரிசை எண்களில் எதைப் பார்ப்பது என்ற குழப்பம். அளப்பதற்கு முன்னால் குறுங்கோணமா, விரிகோணமா என்று வாயால் சொல்லச் சொன்னேன். கொஞ்சம் பலன் இருக்கிறது.

பெரிய தலைவலி நிரூபணம். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை என்று புரியவைக்க, காகித முக்கோணத்தின் மூன்று முனைகளையும் கிழித்து ஒட்டி, நேர்கோடாக வருவதைக் காட்டினேன். எல்லாருக்கும் குஷி. அப்புறம் ஒரு பெண், "நான் அளந்தா 179 வருதே அண்ணா, அப்ப 180ன்னு எப்படி நம்புறது?" என்றாள். அருமையான கேள்வி! உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணைகோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று விளக்கினேன். தலையாட்டினார்கள். மறுநாள் படத்தைக் கொஞ்சம் சாய்த்து வரைந்ததும் எந்தக் கோணம் எதற்குச் சமம் என்று தெரியவில்லை.

பாடம் நடத்தும் ஆசிரியர்கள் சொல்லுங்கள்: அளப்பதிலிருந்து நிரூபிப்பதற்கு எப்படிக் கூட்டிப்போகிறீர்கள்? ஒரே ஒரு செல்போனை வைத்து ஜியோஜீப்ரா என்ற வடிவியல் செயலியை எல்லாருக்கும் காட்ட வழி உண்டா? தேற்றத்தை மனப்பாடம் செய்யச் சொல்லும் யோசனை மட்டும் வேண்டாம், அதை அவர்களே நன்றாகச் செய்கிறார்கள்.

வீட்டில் சும்மா கிடக்கும் கவராயம், மூலைமட்டம் இருந்தாலும் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.