ரிட்ஜ்கிரெஸ்ட் இன்டர்ஃபெரோகிராம்: பிளவை ஒட்டி அன்ராப்பிங் தவறுகிறது, உதவி வேண்டும்

வணக்கம். கலிஃபோர்னியாவின் ரிட்ஜ்கிரெஸ்ட் நிலநடுக்கங்களுக்கு (2019 ஜூலை, அளவு 6.4, 7.1) சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோளின் இறங்குபாதை (வடக்கிலிருந்து தெற்காகச் செல்வது) 71-இன் ஜூலை 4, 16 படங்களை ஸ்நாப் மென்பொருளில் ஓட்டி, இரண்டின் கட்ட (phase) வேறுபாட்டைக் காட்டும் இன்டர்ஃபெரோகிராம் எடுத்திருக்கிறேன். முதல் படம் 6.4 அதிர்வுக்குச் சில மணி நேரம் முந்தையது. அதனால் இரண்டு அதிர்வுகளின் நகர்வும் சேர்ந்தே இருக்கிறது.

துல்லியச் சுற்றுப்பாதைக் கோப்பு, இஎஸ்டி (பர்ஸ்ட் என்ற படத் துண்டுகளை நுணுக்கமாகப் பொருத்தும் திருத்தம்), எஸ்ஆர்டிஎம் 30 மீட்டர் உயர மாதிரி, 8×2 மல்டிலுக் (பிக்செல்களைச் சராசரியாக்குதல்), இரைச்சல் குறைக்கும் கோல்ட்ஸ்டீன் ஃபில்டர் எல்லாம் போட்டாயிற்று. பர்ஸ்ட் எல்லைகளில் படிக்கட்டு இல்லை. படங்கள் சரியாகப் பொருந்தியிருக்கின்றன.

சிக்கல், அன்ராப்பிங் செய்யும் (வளையங்களாக மடங்கிய கட்டத்தைத் தொடர்ச்சியான நகர்வாக விரிக்கும்) ஸ்நாஃபு நிரலில்தான். தொலைவில் வளையங்கள் (ஒன்றுக்கு 2.8 செ.மீ. நகர்வு) தெளிவு. பிளவுக்குப் பக்கத்தில் அவை நெருங்கி, கோஹரன்ஸ் (இரு படங்களின் ஒத்திசைவு, 0 முதல் 1 வரை) 0.3-க்குக் கீழே விழுகிறது. டெஃபோ (நில நகர்வுக்கான) முறையில் அன்ராப் செய்தால், பிளவு முடிந்த பிறகும் வெட்டு (கட்டத்தின் திடீர்த் தாவல்) நீள்கிறது. அங்கே நிலம் உடையவே இல்லை! மாஸ்க் வரம்பை (இதற்குக் கீழே கோஹரன்ஸ் உள்ள இடங்கள் மறைக்கப்படும்) 0.4 ஆக்கினால் வெட்டின் உயரம் சரியாக 6.28 ரேடியன் (2π, அதாவது ஒரு வளையம்) மாறுகிறது. எனவே இது நில நகர்வு அல்ல, அன்ராப்பிங் பிழைதான். ஃபில்டரைக் கூட்டிப் பயனில்லை. இரைச்சலிலிருந்து பொய் வளையங்கள் முளைக்கின்றன.

பிக்செல் ஆஃப்செட்டை (இரு படங்களையும் ஒப்பிட்டு அளந்த பிக்செல் இடப்பெயர்ச்சி) முதலில் கழித்துவிட்டு மீதியை அன்ராப் செய்யலாமா? ரேஞ்ச் (ரேடார் பார்க்கும் திசை) பிக்செல் 2.3 மீட்டர், அதில் இருபதில் ஒரு பங்கு துல்லியம் கிடைத்தாலும் பிழை சுமார் 11.5 செ.மீ., அதாவது நான்கு வளையம். எந்த அளவு ஒப்பீட்டு ஜன்னல், எவ்வளவு மென்மையாக்கம் வைத்தால் இது தாங்கும்? பிளவுக்கோட்டை முன்பே மாஸ்க் செய்தவர்கள், இரு பக்கத்தையும் எதை வைத்து இணைத்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.