பாராலீகல் படிப்பு: கட்டிய பணமும் கிடைத்த வேலையும்

கடற்கரையாள்

நேற்று இங்கே கனடாவின் ஒன்ராறியோவில், ஸ்காபரோவிலுள்ள ஒரு சட்ட அலுவலகத்தில் நடந்த நேர்முகத் தேர்வை மறக்க முடியாததால் எழுதுகிறேன். பாராலீகல் ஆவதற்காக, அதாவது சட்டத்தரணியாகாமலே உரிமம் பெற்றுச் சில வகை வழக்குகளை நடத்தும் தொழிலுக்காக, தனியார் கல்லூரி ஒன்றுக்கு 14,000 டொலர் கட்டிப் படித்தேன். சம்பளமில்லாமல் 120 மணி நேரப் பயிற்சியும் செய்து, உரிமத் தேர்வையும் முதல் தடவையிலேயே தேறினேன். அந்த அலுவலகத்தில் பெரும்பாலும் வீடு வாங்கி விற்பதை முடித்துக் கொடுக்கும் 'குளோசிங்' கோப்புகளே நடக்கின்றன. சட்டத்தரணி என் உரிமச் சான்றிதழை ஒரு கணம் பார்த்துவிட்டு, அதைக் கவிழ்த்து என் பக்கமாகத் தள்ளி, "குளோசிங் கோப்பு ஒன்றைத் தனியாக முடித்திருக்கிறீர்களா, தங்கச்சி?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்கு வேண்டியவர் லோ கிளார்க், அதாவது சட்டத்தரணியின் கீழ் கோப்புகளைக் கவனிக்கும் எழுத்தர். அந்த வேலைக்கு உரிமம் தேவையில்லை என்பதும், என் உரிமத்தை வைத்துக்கொண்டு வீட்டு விற்பனையையோ உயிலையோ நானாகச் செய்ய முடியாது என்பதும் எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் அந்தத் தாள் கவிழ்ந்து கிடந்த காட்சி இரவு முழுவதும் கண்ணுக்குள்ளேயே நின்றது. கடனில் இன்னும் பாதி கட்டவேண்டியிருக்கிறது.

பனங்கூடல்

நான் இந்தத் துறையைச் சேர்ந்தவன் அல்லன், வாடிக்கையாளனாக இருந்தவன். என் நிலவறைக் குடியிருப்பில் இருந்தவர் நான்கு மாதங்களாக வாடகை தரவில்லை. வாடகை தராதவருக்குக் கொடுக்கும் அறிவித்தலான என்4 படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன், அவரை வெளியேற்றும்படி வாடகைத் தீர்ப்பாயத்திடம் கேட்கும் எல்1 விண்ணப்பத்தையும் நானே போட்டேன். மாதக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த சூம் விசாரணை சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. அப்போது பதினான்கு நாள் அவகாசம் கொடுக்கவேண்டியிருந்த அறிவித்தலில் நான் பதின்மூன்று நாளே கொடுத்திருந்ததால் விண்ணப்பம் தள்ளுபடியானது. இரண்டாம் முறை ஒரு பாராலீகலிடம் போனேன். அந்தப் பெண் பழைய படிவத்தைக் கையில் எடுத்ததும் வேறெதையும் படிக்காமல், நாட்காட்டியில் விரல் வைத்து நாட்களை எண்ணத் தொடங்கினார். அவர் எண்ணி முடிக்குமுன்பே என் தவறு எனக்கு விளங்கிவிட்டது. அவருக்குக் கொடுத்த கட்டணத்தைப் போல எத்தனையோ மடங்கு வாடகையை நான் இழந்திருந்தேன். ஆகவே, கடற்கரையாள் அக்கா, உங்கள் சான்றிதழுக்கு மதிப்பில்லை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். நீங்கள் போன அலுவலகம் உங்களுக்கு உரியதன்று.

கோப்புக்கட்டு

பனங்கூடல் சொல்வது ஒரு வாடிக்கையாளரின் கணக்கு. படித்தவரின் கணக்கு வேறு. நான் பத்தொன்பது ஆண்டுகளாக லோ கிளார்க்காக வேலை செய்கிறேன். கடன் வாங்கிப் படித்து உரிமமும் பெற்ற இரண்டு பிள்ளைகள் என் பக்கத்து மேசைகளில் இருந்து, என்னிலும் குறைந்த சம்பளத்துக்குக் கடிதம் அச்சடித்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருத்தி ஒரு நாள் மதிய உணவு வேளையில், "அக்கா, நான் எதற்குப் படித்தேன்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

இனிப் படிக்க நினைப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியே ஆகவேண்டும். அமெரிக்கக் கட்டுரைகளைப் படித்து முடிவெடுக்காதீர்கள். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் பாராலீகல் என்பவர் சட்டத்தரணியின் கீழ் வேலை செய்யும் உதவியாளர். ஒன்ராறியோவில் 2007 முதல் அவர், சட்டத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான சட்டச் சங்கத்தின் உரிமம் பெற்று, தன் பெயரிலேயே தொழில் செய்பவர். பணம் கட்டுமுன் அந்தக் கல்லூரியின் பாடநெறி சட்டச் சங்கத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாவிட்டால் உரிமத் தேர்வுக்கே இருக்க முடியாது. ஏற்கெனவே பட்டம் இருந்தால் ஓராண்டுச் சான்றிதழ் போதும், இரண்டாண்டுப் படிப்புக்குப் போகவேண்டியதில்லை. இங்கேயே நிரந்தரமாக வசிப்பவருக்கு அரச கல்லூரிக் கட்டணம் கடற்கரையாள் கட்டியதைவிட மிகக் குறைவு. சொந்தமாக அலுவலகம் திறந்தால் ஆண்டுக் கட்டணம் உண்டு. ஒரு கோரிக்கைக்குக் குறைந்தது 10 லட்சம் டொலர் பெறுமதியான தொழில்தவறுக் காப்புறுதியும் எடுக்கவேண்டும். மற்றொரு பக்கத்தையும் மறைக்கக்கூடாது: பாராலீகல் வாதாடக்கூடிய சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் கோரக்கூடிய தொகையின் வரம்பு 2020இல் 35,000 டொலராகவும், 2025 ஒக்டோபரில் 50,000 டொலராகவும் உயர்ந்திருக்கிறது. ஆகையால் முன்பு சட்டத்தரணியிடம் மட்டுமே போன வழக்குகளில் ஒரு பகுதி இப்போது பாராலீகலிடமும் வரக்கூடும். எழுந்து நின்று பேசக் கூச்சப்படாதவர்கள் தாராளமாகப் படிக்கட்டும். கோப்போடு அமைதியாக இருக்க விரும்புகிறவர்கள் லோ கிளார்க் படிப்பையே எடுக்கட்டும்.

பழைய மன்று

யாழ்ப்பாணத்தில் பதினோர் ஆண்டுகள் சட்டத்தரணியாக இருந்தேன். இங்கே மறுபடியும் சட்டத்தரணியாவதற்கு மதிப்பீடு, தேர்வுகள், பயிற்சிக்காலம் என்று போகவேண்டிய தூரத்தைக் கணக்கிட்டேன். இரண்டு பிள்ளைகளின் படிப்பும் இருந்ததால் பாராலீகல் உரிமத்தைத் தெரிந்தெடுத்தேன். முதல் வழக்கு வீதிப் போக்குவரத்துக் குற்றம்: நிறுத்தற் பலகையில் நிற்காமல் போன ஒரு விநியோகச் சாரதிக்கு அவருடைய சாரதிப் பதிவில் மூன்று தண்டப் புள்ளிகள் விழவிருந்தன. சமாதான நீதவானின் முன் எழுந்தபோது என் வாயில், "கனம் நீதவான் அவர்களே" என்ற தமிழே வந்து நின்றது. அதை விழுங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் தொடங்கினேன். புள்ளிகள் இல்லாத வேறொரு குற்றமாக அது குறைக்கப்பட்டது.

வெளியே நடைகூடத்தில் அந்தச் சாரதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, நீங்கள் லோயர்தானே?" என்று கேட்டார். இல்லை, நான் பாராலீகல் என்று சொல்லி முடிக்க எனக்குச் சிறிது நேரம் எடுத்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் தம்பிக்கும் ஒரு டிக்கெட் இருக்கிறது என்று சொல்லி என் தொலைபேசி எண்ணைக் கேட்டார்.