காவிரிக் கரையில் குழந்தைகளோடு இரண்டு இரவு: எங்கே தங்கலாம்?

கேள்வி: ராமமூர்த்திநகர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் கடைசி வாரத்தில், பள்ளி விடுமுறையில், எங்கள் குடும்பமும் என் தம்பி குடும்பமும் சேர்ந்து காவிரிக் கரையில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்க நினைக்கிறோம். 5, 9, 11 வயதில் மூன்று பிள்ளைகள். கூடவே 68 வயதான என் மாமியார். கனகபுரா வழியாகச் சங்கமத்துக்குப் போய் ஆற்று மணலிலேயே கூடாரம் அடித்துவிடலாம், கோடையில் முழங்கால் அளவுதான் தண்ணீர் ஓடும் என்கிறான் தம்பி. பிள்ளைகளுக்குக் காற்றடைக்கும் டியூப்களும் வாங்கியாகிவிட்டது. என் கணவருக்கு இது மனத்துக்கு ஒப்பவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: அல்சூர்க்காரன்

வணக்கம் அம்மா. உங்கள் கணவர் சொல்லத் தெரியாமல் தவிக்கும் காரணங்களில் ஒன்றை நான் சொல்கிறேன். சங்கமம் என்பது அர்க்காவதி காவிரியில் கலக்கும் இடம். அந்த அர்க்காவதியில்தான், கனகபுராவுக்கு அருகே, பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்து வரும் விருஷபாவதி கலக்கிறது. மழைக்காலத்தில் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். சித்திரை வெயிலில் நாம் வீட்டில் திறந்துவிட்ட தண்ணீரையே அங்கே போய்ப் பிள்ளைகள் வாயில் கொப்பளிக்கும்படி ஆகும். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி மேகேதாட்டு. ஆடு தாண்டும் அளவுக்கு ஆறு குறுகிப் பாறை இடுக்கில் பாய்கிற இடம். வழவழத்த பாறையும் அடியில் சுழலும் சேர்ந்து அங்கே பலரைக் கொண்டுபோயிருக்கின்றன. பார்த்துவிட்டுத் திரும்புங்கள், இறங்க வேண்டாம்.

இன்னொன்று: அந்தப் பகுதி காவிரி வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. வனத்துறை அனுமதியின்றி நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. கோடையில் காட்டுக்குள் நீர் வற்றிவிடுவதால் யானைகள் ஆற்றுக்குத்தான் வரும். அவை இறங்கும் தடத்தில் நாம் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். இரவு தங்கத்தான் வேண்டும் என்றால், அர்க்காவதி கலப்பதற்கு மேலே, பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டரில், பீமேஸ்வரியில் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நடத்தும் முகாம் இருக்கிறது. கரையோரம் மருத மரங்களின் நிழல் உண்டு. மாமியார் கட்டிலில் படுக்கலாம். பரிசல் சவாரியும் உண்டு. ஆனால் ஆற்றில் முதலை இருப்பதால், முகாம் ஆட்கள் காட்டும் இடத்தைத் தவிர வேறெங்கும் கால் நனைக்காதீர்கள்.

பதில் 2: விவேக்நகர் வாசி

மேலே சொன்னவரோடு எனக்கு முழு உடன்பாடு. மணல்திட்டு விஷயத்தில் மட்டும் என் சொந்தக் கதையைச் சேர்க்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, நாங்களும் இப்படித்தான் முழங்கால் அளவுத் தண்ணீரை நம்பி மணலில் படுத்தோம். நள்ளிரவு தாண்டி ஏதோ சலசலப்புக் கேட்டு டார்ச் அடித்தபோது, கூடார வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளில் ஒன்று மட்டும்தான் இருந்தது. மற்றது மிதந்து போய்விட்டது. அடுப்புக் கற்கள் பாதி மூழ்கியிருந்தன. மழை ஒரு துளிகூட இல்லை.

மேலே அணையிலிருந்து நீர் திறந்தால் கீழே இருப்பவருக்கு அது இரவா பகலா என்று பார்த்து வராது. நீங்கள் போகும் இடத்துக்கு மேலே, அதே காவிரியில், சிவசமுத்திரத்தில் 1902 முதல் நீர்மின் நிலையம் இயங்குகிறது. கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பவே அதைக் கட்டினார்கள். (என் தாத்தா அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், அந்தத் தண்ணீர்தான் அவருக்குச் சோறு போட்டது, எனக்குச் செருப்பைப் பறித்தது.) ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், காவிரியிலோ காலையில் பார்த்த ஆழம் மாலையில் இருப்பதில்லை. பாறைகளில் பழைய நீர்மட்டம் விட்டுப்போன கறை தெரியும். படுக்கை அதற்கும் மேலே இருக்கட்டும். பகலில் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, அரைமணிக்கு ஒருமுறை பாருங்கள். விளிம்பு குச்சியைத் தாண்டினாலும், தெளிந்த நீர் கலங்கிச் சருகு மிதந்து வந்தாலும், யோசிக்காமல் பிள்ளைகளைக் கரையேற்றிவிடுங்கள்.

பதில் 3: ஓசூர் சாலை அம்மா

டியூபைப் பற்றி யாரும் பேசவில்லையே! தயவுசெய்து அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஓடும் நீரில் அது குழந்தையை இழுத்துக்கொண்டு போகும். கவிழ்ந்தால் கால் மேலும் தலை கீழுமாகச் சிக்கிக்கொள்ளும். குழந்தையின் எடைக்கு ஏற்ற லைஃப் ஜாக்கெட் வாங்கி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். மோவாயும் காதும் உள்ளே போனால் அது பெரிது. ஐந்து வயதுக்காரனுக்குத் தொடைகளுக்கு இடையே மாட்டும் பட்டை அவசியம்.

மூழ்கும் குழந்தை கையை ஆட்டிக் கூச்சலிடாது, சத்தமில்லாமல் போய்விடும். ஆகவே ஒரே ஒரு பெரியவர், கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, பிள்ளைகளைத் தாண்டி நீர் ஓடும் பக்கமாக நீரிலேயே நிற்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருவர் மாறலாம். எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம் என்றால் யாருமே பார்ப்பதில்லை. ஒகேனக்கலுக்குப் போவதானாலும் இதே முறைதான். அங்கே நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடும் என்பதால், கிளம்பும் முன் செய்தி பார்த்துக்கொள்ளுங்கள்.

ராமமூர்த்திநகர் வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பி விருஷபாவதியைப் பற்றிப் படித்ததும் வாயை மூடிக்கொண்டான். பீமேஸ்வரியில் இரண்டு இரவுக்குப் பதிவு செய்துவிட்டோம். நேற்று கடையில் சின்னவனுக்கு ஜாக்கெட் போட்டுத் தோளைப் பிடித்துத் தூக்கினேன். மூக்குவரை உள்ளே போய்விட்டான். கடைக்காரர் "அடுத்த வருஷத்துக்கும் ஆகும் மேடம்" என்றார். ஒரு அளவு சிறியதாகக் கேட்டிருக்கிறேன்; சனிக்கிழமை வருமாம்.